கால்விரல் பார்த்த கம்பெனி

எங்கள் மில் வாசலில் நின்ற வாட்ச்மேனுக்கு என் முகம் வெகுகாலம் தெரியாது. பஜாரில் எதிரே வந்தால் யாரோ எவரோ என்று ஒதுங்கிப் போவார். ஆனால் என் கால்களை மட்டும் சந்தைக் கூட்டத்துக்குள் விட்டாலும் கண்டுபிடித்துவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. பெண்கள் உள்ளே நுழையும்போது முகத்தைப் பார்க்க வேண்டாம், காலைப் பார் என்பது கம்பெனி அவருக்கு இட்டிருந்த உத்தரவு.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் இருந்த நூல் மில் அது. ஐம்பதுகளின் கடைசியில், வடமதுரைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து மில் பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போக ஆரம்பித்தேன். எட்டாவது படித்திருந்தேன். அதற்கு மேல் படிக்க வைத்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்று அப்பா முடிவு செய்திருந்தார். ரீலிங்கில் போட்டார்கள். பாபினில் வருகிற நூலைப் பெரிய ராட்டையில் ஓடவிட்டுச் சிட்டம் சிட்டமாகச் சுற்றி எடுக்கிற இடம். மில்லிலேயே பெண்களுக்கென்று ஒதுக்கிய வேலை அது ஒன்றுதான். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். நூல் அறுந்தால் கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட்டுவிட வேண்டும். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. இதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பெண் தனக்கு வேலை பிடித்திருக்கிறது என்று சொன்னால், வீட்டில் ஏதோ குறை என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

கம்பெனிக்கு ஒரு விதி இருந்தது. கல்யாணம் ஆகாத பெண்ணைத்தான் வேலைக்கு எடுப்பார்கள். எடுத்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் அன்றோடு சீட்டுக் கிழியும். ஆண்களுக்கு இந்த விதி கிடையாது. கிடையாது என்று மட்டும் சொன்னால் கம்பெனியின் பெருந்தன்மையைக் குறைத்துச் சொன்னதாகும். மில்லில் வேலை செய்கிற ஆணுக்குக் கல்யாணம் என்றால் ஒரு வாரம் சம்பளத்தோடு லீவும், கம்பெனி பேர் வெட்டிய எவர்சில்வர் குடம் ஒன்றும் உண்டு. எவர்சில்வர் அப்போதுதான் எங்கள் பக்கத்து வீடுகளுக்குள் எட்டிப்பார்த்த காலம். குடத்துக்காகவே அவசரப்பட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் இருந்ததாகக் கேள்வி.

பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கம்பெனிக்கு எப்படித் தெரியும்? தாலியை ரவிக்கைக்குள் தள்ளிவிடலாம். அதை எடுத்துக் காட்டு என்று கேட்கிற துணிச்சல் மேனேஜருக்கே கிடையாது. கேட்டிருந்தால் மில் ரெண்டுபட்டிருக்கும். ஆகவே கழுத்தை விட்டுவிட்டுக் காலுக்கு வந்தார்கள். மெட்டியை எங்கே ஒளிப்பது? பெண்கள் செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்று ஒரு போர்டு வைத்தார்கள். நூலில் தூசி படாமல் இருக்கவாம். ஆண்களின் செருப்புத் தூசி நூலை ஒன்றும் செய்யாது போலிருக்கிறது.

வாட்ச்மேன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். "பர்மா பார்டர்ல துப்பாக்கியோட நின்னவன் தாயி நான். இங்க வந்து பொம்பளையாளு கால்விரலக் காவல் காக்குறேன்" என்று தலையில் அடித்துக்கொள்வார். அடித்துக்கொண்டே பார்ப்பார்.

ரீலிங்கில் இருந்தவர்களில் பாதிப்பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பஸ் ஏறியதும் மெட்டியைக் கழற்றி முந்தானையில் முடிவார்கள். சாயங்காலம் ஊர் வருவதற்கு முன்னால் போட்டுக்கொள்வார்கள். முஸ்லிம் வீட்டுப் பெண்களுக்கு மெட்டி வழக்கமில்லை, கழுத்தில் கருகமணிதான். அப்படி ஒரு அக்கா மூன்று பிள்ளை பெற்ற பிறகும் கம்பெனியைப் பொறுத்தவரை கன்னியாகவே இருந்தார். வயிறு தெரிய ஆரம்பித்தால் அம்மை போட்டிருக்கிறது என்று லீவு சொல்லிவிடுவார்கள். அம்மை என்று கேட்டால் மேனேஜர் மேற்கொண்டு ஒரு வார்த்தை விசாரிக்க மாட்டார். எங்கள் மில்லுப் பெண்களுக்குப் போட்ட அளவுக்கு அம்மை அந்தத் தாலுக்காவில் வேறு யாருக்கும் போட்டதில்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பெண்கள் வேலை செய்கிற மில்லில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஒரு கொட்டகை இருக்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம். எங்கள் கம்பெனி சட்டத்தை மதிக்கிற கம்பெனி. ஓடு வேய்ந்து, சுண்ணாம்பு அடித்து, 'குழந்தைகள் காப்பகம்' என்று எழுதி, தொட்டில் கட்டக் கம்பு கூடப் போட்டு வைத்திருந்தது. பிள்ளைதான் இல்லை. கல்யாணம் ஆகாதவர்களுக்கு ஏது பிள்ளை? நிழல் வீணாகப் போகிறதே என்று மேனேஜர் தன் பசுவின் கன்றை அங்கே கட்டியிருந்தார். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் கன்று வெளியே போகும். இவ்வளவு சுத்தமான காப்பகத்தை எங்கும் பார்த்ததில்லை என்று ஒரு இன்ஸ்பெக்டர் மனசாரப் பாராட்டிவிட்டுப் போனார்.

மேனேஜர் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். வைதாலும் மரியாதையோடு வைவார். அவர் வாயில் 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது. அந்த 'ங்க'வோடேதான் எத்தனையோ பெண்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

எனக்குக் கார்த்திகையில் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை என் சொந்த அத்தை மகன். அதே மில்லில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர். தையில் கல்யாணம் என்று பேச்சு. ஒரே கல்யாணத்துக்கு அவருக்குக் குடம், எனக்குச் சீட்டு. இதற்காக நான் அப்போது கோபப்பட்டேன் என்று சொல்ல முடியாது. எல்லாரையும் போல முந்தானையில் முடிந்துகொள்ளலாம், வேண்டியபோது அம்மையும் போட்டுக்கொள்ளலாம் என்று தயாராகத்தான் இருந்தேன். காரியத்தைக் கெடுத்தவர் என் தாய்மாமன்.

எங்களில் மணப்பெண்ணுக்கு மெட்டி எடுத்துத் தருவது தாய்மாமன் பாத்தியதை. மாமன் எதையும் கண்ணால் அளப்பவர். திண்டுக்கல் பஜாரில் ஆசாரி கால் அளவு கேட்டதற்கு, "எம் மக காலும் எம் மருமக காலும் ஒண்ணுதான்" என்று சொல்லித் தன் மகள் விரலுக்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் மகளுக்கு விரல் முருங்கைப் பிஞ்சு. என் விரல் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளின் விரல்.

மார்கழியில் ஒரு சாயங்காலம் வந்து இறங்கினார். காப்பி கூடக் குடிக்கவில்லை. "போட்டுப் பாரு தாயி, அளவு சரியா இருக்கான்னு" என்றார்.

மார்கழியில் மெட்டி போடலாமா என்று அம்மா இழுத்தாள். "போட்டுக் கழட்டுறதுக்கு என்னத்துக்கு மாசம் பாக்குற?" என்று மாமனே குனிந்து இரண்டு காலிலும் தள்ளிவிட்டார். உள்ளே போய்விட்டது. வெளியே வரவில்லை.

தேங்காய் எண்ணெய் தடவினோம், விளக்கெண்ணெய் தடவினோம், சவுக்காரம் போட்டோம். மாமன் காலைப் பிடித்து இழுக்க, அம்மா தோளைப் பிடித்துக்கொள்ள, நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். விரல் கொழுக்கட்டையாக வீங்கிவிட்டது. கடைசியில் எனக்கேதான் ஒரு வழி தோன்றியது. நூலை எடுத்து விரலை நெருக்கமாகச் சுற்றி, நூல் முனையை மெட்டிக்கு அடியில் விட்டு, மெல்ல மெல்ல அவிழ்த்தேன். மெட்டி நகர்ந்து வந்தது. கூடவே கொஞ்சம் தோலும் வந்தது. இரண்டு கால்களிலும் இரண்டாவது விரலில் சிவப்பாக ஒரு வட்டம், அதற்கு மேலே நூல் அழுத்திய கோடுகள் என்று அப்படியே தூங்கிப்போனேன்.

காலையில் வாசலில் வாட்ச்மேன் குனிந்தவர் நிமிரவில்லை.

"என்ன தாயி இது?"

"மாமா மெட்டி அளவு பாத்தாரு. மாட்டிக்கிருச்சுண்ணே."

"எல்லாரும்தான் கழட்டிட்டு வாராக. இம்புட்டு அப்பட்டமாவா கழட்டுவ? பாக்கலைன்னு சொல்லவும் ஏலாதே. மேஸ்திரி பின்னாடியே நிக்கிறாரு."

மேனேஜர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் என் காலைப் பார்த்துவிட்டு ரொம்பவும் வருத்தப்பட்டார்.

"ஏனுங்கம்மிணி, கண்ணாலம் கட்டிக்கிட்டா எங்ககிட்டச் சொல்லோணுமா இல்லீங்களா?"

"இன்னும் ஆகலைங்கய்யா. தையிலதான்."

"கால்ல தடம் இருக்குதுங்களே."

"அது அளவு பாத்தது."

"அளவு பாத்தா இத்தன காயம் ஆகுமுங்களா? அவசரமாக் கழட்டுனாத்தானுங்க ஆகும்."

"மார்கழி மாசத்துல எவளாச்சும் கழுத்த நீட்டுவாளாய்யா?"

மார்கழியில் கல்யாணம் செய்கிற தமிழனை அவரும் பார்த்திருக்க மாட்டார். காலண்டரை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "கமுக்கமாக் கட்டிக்கிறவிங்களுக்கு மார்கழி என்னுங்க, தை என்னுங்க? அதுமில்லாம, தையில எப்படியும் போகத்தானுங்க போறீங்க. ஒரு மாசம் முன்னப் பின்ன. சங்கடப்படாதீங்க" என்றார்.

நடக்காத கல்யாணத்துக்காக வேலை போனவள் மதுரை ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வெளியே வந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. காப்பகத்து நிழலில், கன்றுக்குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அது என் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

எங்கள் சங்கத்தை நடத்தியவர் பேகம்பூர்க்காரர். தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்து, அங்கே முதலாளியோடு மல்லுக்கட்டி, அதிலேயே ருசி கண்டு சங்கத்துக்கு வந்தவர். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நான் கதையைச் சொல்லி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஏந் தங்கச்சி, நிக்காஹ் ஆகுறதுக்கு முந்தியே தலாக் சொல்லிட்டானா ஒங் கம்பெனிக்காரன்?"

"சிரிச்சு முடிச்சிட்டு வழி சொல்லுங்க பாய்" என்றேன்.

அவர் போய் மேனேஜரிடம் பேசினார். பரிசம் போட்டதற்கும் கல்யாணம் ஆகாததற்கும் ஊரே சாட்சி இருக்கிறது என்று தெரிந்ததும் கம்பெனி இறங்கி வந்து என் பேரை மறுபடி ஏட்டில் சேர்த்தது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, ஆகிற அன்றே நானாக நின்றுகொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் மறுநாளே வேலைக்கு வரலாம். பாய் இதைச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எழுதிக் குடுத்தா நீ உள்ள போயிரலாம். விதி அது பாட்டுக்குக் கெடக்கும். இன்னொரு வழியும் இருக்கு. நெசமாவே நீ கல்யாணம் கட்டி, அதுக்காக ஒன்னிய நிறுத்துனாங்கன்னு வையி, அந்த விதியவே கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்தலாம். மெட்ராஸ் வரைக்கும் போவணும். வருசக்கணக்காகும். ஜெயிப்பமா தோப்பமான்னு அல்லாவுக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் ஒனக்கு வேலை இல்ல. வீட்டுல கேட்டுக்கிட்டு வா."

வீட்டில் கேட்டேன். அத்தை முதலில் வாயைத் திறந்தாள். "கல்யாணம் எங்க ஓடியா போகுது? இன்னம் ரெண்டு மூணு வருசம் தள்ளிப்போடுவோம். சம்பாரிக்கிற கைய எதுக்கு மடக்கணும்?" என்றாள். பொண்ணுக்கு வயசு ஏறுகிறது, இந்தத் தையைத் தாண்டக்கூடாது என்று பரிசத்தன்று அவசரப்படுத்தியவள் இதே அத்தைதான்.

அவள் மகனுக்கு, அதாவது என் மாப்பிள்ளைக்கு, வேறு யோசனை. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "தையிலயே கட்டிக்கிருவோம். நீ மில்லுல எழுதிக் குடுத்துட்டுப் போயிரு. மெட்டி போடாட்டி என்ன, தாலிய உள்ள தள்ளிக்க. ஆருக்குத் தெரியப்போகுது?"

"அப்ப ஒங்களுக்குக் குடம்?"

"அத நான் வாங்கிக்கிர்றேன். பொண்ணு வேற ஊருன்னு சொல்லிட்டாப் போச்சு."

மேனேஜர் சீட்டைக் கிழித்தபோது வராத கோபம் எனக்கு அப்போது வந்தது. மனுஷர் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஆனால் அந்தக் குடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. அவர் ஊரறிய மாப்பிள்ளையாக நின்று குடம் வாங்குவார். அவர் கட்டிய தாலியை நான் வேறு ஊர்க்காரி போல ரவிக்கைக்குள் ஒளித்துக்கொண்டு, அதே பஸ்ஸில், அவரைத் தெரியாதவள் மாதிரி வர வேண்டும். என் கல்யாணத்தில் நானே திருடியாக இருக்க வேண்டும்.

"ஒளிஞ்சு வாழ என்னால ஏலாது மச்சான். தையில கட்டிக்கிர்றேன். மெட்டியோடவே மில் வாசலுக்குப் போறேன். சம்மதம்னா பந்தக்கால் ஊனுங்க, இல்லாட்டி வேற பொண்ணு பாருங்க" என்றேன்.

"ஒரு ரீலிங் வேலைக்கு இம்புட்டு வீம்பா?" என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். அவர் அதற்குப் பிறகு கல்யாணம் முடிகிற வரை என்னோடு பேசவில்லை. பந்தக்கால் மட்டும் ஊன்றினார்கள்.

கல்யாணத்துக்கு மேனேஜரே குடத்தோடு வந்துவிட்டார். குடத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்துப் போட்டோ பிடித்துக்கொண்டார். பக்கத்தில் நான் நிற்கிறேன், படத்தில் என் கால் தெரியாது. "நல்லா இருங்கம்மிணி. இனி வீட்டப் பாத்துக்கோணுமுங்க" என்று வாழ்த்திவிட்டு, இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார். மாமன் முதல் தடவை பட்ட பாட்டில் பயந்துபோய், இந்தத் தடவை ஒரு சுற்றுப் பெரிதாக மெட்டி எடுத்திருந்தார். நடந்தால் டக் டக்கென்று தரையில் அடித்தது.

லீவு முடிந்து என் வீட்டுக்காரர் மில் பஸ் ஏறியபோது நானும் ஏறினேன். அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். வாசலில் செருப்பை விட்டேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் காலை நீட்டினேன்.

"நல்லாப் பாருங்கண்ணே. இது அளவு பாத்தது இல்ல."

வாட்ச்மேன் பார்த்தார். பிறகு மெல்ல நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "நீதானா தாயி அது?" என்றார்.

மேனேஜர் அறையில் மறுபடியும் நின்றேன். அவர் மேஜைக்கு அடியில் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலை ஆற்றிக்கொண்டிருந்தார். பெருவிரலில் செப்பு வளையம் ஒன்று பளபளத்தது. குடலிறக்கத்துக்காகப் பழனி வைத்தியர் போடச் சொன்னது என்று மில் முழுக்கத் தெரியும்.

"அய்யாவுக்கு எப்பக் கல்யாணம் ஆச்சு?" என்று கேட்டேன்.

"எதுக்குங்க கேக்கறீங்க?"

"கால்ல வளையம் கெடக்கே. கம்பெனி இன்னும் நிறுத்தலையான்னு கேட்டேன்."

அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இது வைத்தியமுங்க" என்றார். வெளியே நின்ற மேஸ்திரிக்கு இருமல் வந்தது. அன்று மத்தியானத்துக்குள் எனக்குப் புதுச் சீட்டு வந்துவிட்டது. இந்தத் தடவை ஒரு தப்பும் இல்லாத சீட்டு. கல்யாணம் ஆனபடியால் நிறுத்தப்படுகிறாள் என்று தெளிவாக இருந்தது. பாய் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

மதுரையில் தொழிலாளர் கோர்ட்டில் தோற்றோம். கம்பெனிக்கு எது சௌகரியம் என்று கம்பெனிக்குத்தான் தெரியும் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பாய் அசரவில்லை. மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குக் கொண்டுபோனார். நான் களையெடுக்கவும் வெண்டைக்காய் பறிக்கவும் போனேன். கல்யாணம் ஆனவளுக்கு வீட்டு நினைப்பில் வேலை ஓடாது என்பது கம்பெனியின் கட்சி. காட்டில் குனிந்து களை பிடுங்குகிற கூட்டத்தில் கல்யாணம் ஆகாதவளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அங்கே யாரும் யார் காலையும் பார்த்ததில்லை. மெட்டி சேற்றில் மாட்டினால், கழற்றி வைத்துவிட்டு இறங்கு என்பார்கள். அவ்வளவுதான்.

அத்தை என்னைக் 'கோர்ட்டுக்காரி' என்று பேர் சொல்லாமல் கூப்பிட ஆரம்பித்தாள். மில்லிலும் என்மேல் கோபம். நான் வம்புக்குப் போன பிறகு சோதனை கடுமையாகி, முந்தானை முடிச்சுகளையும் அவிழ்க்கச் சொன்னார்களாம். இரண்டு பேருக்குச் சீட்டுக் கிழிந்தது. "அவ அவ கமுக்கமா இருந்தா, நீ எதுக்குடி மேளம் அடிச்சிக்கிட்டுப் போன?" என்று ஒருத்தி சந்தையில் வைத்துக் கேட்டாள். ராத்திரி தூக்கம் வராது. தோற்றுவிட்டால் எந்த முகத்தோடு இந்த ஊரில் நடப்பேன் என்று பயமாக இருக்கும். இதற்கு நடுவே மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், எழுந்து நடக்கவும் ஆரம்பித்தாள். வழக்கு மட்டும் தவழ்ந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் வரப்பு வழியாகப் பாய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். மெட்ராஸிலிருந்து நேராக வருகிறார். கையில் அல்வாப் பொட்டலம்.

"ஜெயிச்சிட்டோம் தங்கச்சி! கம்பெனி வக்கீலு சொல்றாரு, கல்யாணமான பொம்பளைக்கு நெனப்பெல்லாம் வீட்டுல இருக்கும்னு. ஜட்ஜு கேக்குறாரு, அப்ப கல்யாணமான ஆம்பளைக்கு நெனப்பு எங்கய்யா இருக்கும்னு. வக்கீலு தண்ணி வாங்கிக் குடிச்சாரு!"

பாய் உண்மையிலேயே கோர்ட்டுக்குள் இருந்தாரா, வெளியே டீக்கடையில் இருந்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். ஆனால் தீர்ப்பு நிஜம். ஆணுக்கு இல்லாத விதியைப் பெண்ணுக்கு மட்டும் வைத்து, கல்யாணம் ஆனாள் என்பதற்காக வேலையைப் பறிக்கக்கூடாது. விதி செல்லாது. என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நான் வெண்டைக்காய்க் கூடையைப் போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுவேன் என்று பாய் எதிர்பார்த்திருப்பார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வயிறு வலிக்கிற வரை சிரித்தேன்.

திரும்ப வேலைக்குப் போன அன்று மகளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனேன். காப்பகத்தைத் திறந்துவிடுங்கள் என்றேன். மேனேஜர் தலையைச் சொறிந்தார்.

"அங்க கன்னு கட்டியிருக்குதுங்களே."

"எம் மக சர்க்கார் சட்டப்படி வந்திருக்கா. கன்னு எந்தச் சட்டப்படி வந்துச்சு?"

பழைய கன்று பசுவாகி, அதன் கன்று அங்கே கட்டியிருந்தது. அவிழ்த்துக்கொண்டு போனார்கள். சாணியை அள்ளி, கழுவி, என் மகளை உட்காரவைத்தேன். கொஞ்ச நாளில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் வந்து சேர்ந்தன. எல்லாம் அம்மை போட்டுப் பிறந்த பிள்ளைகள். கருகமணி அக்கா தன் கடைசிப் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டபோது, இத்தனை வருஷமும் அவரைப் பார்த்து இரக்கப்பட்டு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்த மேஸ்திரி வாயைப் பிளந்தபடி நின்றார். ரீலிங்கில் முந்தானை முடிச்செல்லாம் அவிழ்ந்து, மெட்டியெல்லாம் காலுக்கு வந்தன. ராட்டைச் சத்தத்துக்கு நடுவிலும் அந்த டக் டக் எனக்குக் கேட்கும். சந்தையில் என்னைக் கேள்வி கேட்டவளும் மெட்டியைத் தட்டிக்கொண்டே வந்து என் பக்கத்து ராட்டையில் நின்றாள்.

எனக்கு வர வேண்டிய குடத்தையும் கேட்டுப்பார்த்தேன். "ஒரு கண்ணாலத்துக்கு ஒரு குடந்தானுங்களே அம்மிணி" என்றார் மேனேஜர். எங்கள் இரண்டு பேருக்கும் நடந்தது ஒரே கல்யாணம்தான் என்று கம்பெனி ஒப்புக்கொண்டது அந்த ஒருமுறைதான்.

கோர்ட்டு சொன்னதைக் கம்பெனி அணுவளவும் மீறவில்லை. அதன்பிறகு கல்யாணம் ஆன பெண் யாரையும் அது நிறுத்தவில்லை. பெண் யாரையும் புதிதாக எடுக்கவும் இல்லை. ஒருத்தி வயசாகி நின்றால் அந்த ராட்டைக்கு ஒரு ஆண் வந்தான். ரீலிங்குக்குப் பெண் விரல்தான் லாயக்கு, ஆண் விரல் தடிமன், நூல் நிற்காது என்று சொல்லிக்கொண்டிருந்த அதே மேனேஜர் பக்கத்தில் நின்று அவர்களுக்குப் பழக்கிவிட்டார். செருப்பு போர்டைக் கழற்றிவிட்டார்கள். இதைத் தப்பென்று சொல்ல எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று பாய்க்கும் தெரியவில்லை. "எடுத்தவள நிறுத்துனாத்தான் கேசு தங்கச்சி. எடுக்காதவளுக்கு என்னத்தச் சொல்லிப் போடுறது?" என்றார். அவர் சிரிக்காமல் பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அறுபதுகள் முடியப்போகிற சமயம், ஒரு நாள் காலை வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். சேவுகம்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள். யாரோ அவளுக்குப் பழைய கதையைச் சொல்லியிருக்கிறார்கள். காலைத் தேய்த்துக் கழுவி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையைக் கொஞ்சம் தூக்கி வாட்ச்மேனிடம் காட்டினாள். "கல்யாணம் ஆகலண்ணே. நல்லாப் பாத்துக்கங்க."

வாட்ச்மேனுக்கு அப்போது கண்ணே சரியாகத் தெரியாது. "இப்பக் காலெல்லாம் பாக்குறதில்ல தாயி" என்றார்.

"அப்ப வேற எதப் பாப்பாக?"

"ஒண்ணும் பாக்குறதில்ல. பொம்பளையாளே எடுக்குறதில்ல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். "இந்த அக்கா உள்ள போறாகளே?"

"அது கோர்ட்டு சொல்லி எடுத்தது" என்றார் அவர்.

அவள் முகம் தெளிந்துவிட்டது. இவ்வளவுதானா விஷயம் என்று நினைத்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கோர்ட்டுல எனக்கும் ஒரு வார்த்த சொல்லிவிடுங்கக்கா" என்றாள்.

மேனேஜரிடமும் மச்சானிடமும் அத்தனை வாயடித்த நான் அவள் கையை மெல்ல விலக்கினேன். சங்கு ஊதிவிட்டது. நான் உள்ளே போனேன். மெட்டி தரையில் அடித்த சத்தம் அன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை.